தாடை முதல் தொப்புள் வரை

பத்தாவது படியில் காலடிச் சத்தம் நின்றது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டிருந்த ஊசியம்மா காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு பெருமூச்சு. கைப்பிடிக் கம்பியில் மோதிரம் உரசும் ஒலி. பிறகு இடது கால் முன்னே, வலது கால் அதன் பின்னால் துணைக்கு, மறுபடி இடது கால். "வலது முட்டி. ஆறு மாசத்துக்குக் குறையாது," என்று கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவரிடம் சொல்லிவிட்டு, அவர் இடுப்பில் அடுத்த ஊசியைச் செருகினார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் வலது முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

மொத்தம் பதினேழு படிகள். செங்குத்தான படிகள். முட்டி வலிக்காரர்களை மாடியேற வைக்கிறீர்களே, கீழே ஒரு இடம் பார்க்கக்கூடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. "படியில ஏறி வர்றப்பவே பாதி தெரிஞ்சுடுது. கீழ போயிட்டா எல்லாரையும் நானே கேட்டுத் தெரிஞ்சுக்கணும், எல்லாரும் பொய் சொல்வாங்க," என்பது அவர் பதில். நிஜமாகவே ஏற முடியாதவர்கள் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து குரல் கொடுத்தால் போதும். ஊசியம்மா பெட்டியோடு இறங்கி வந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே முக்காலி போட்டுக் காரியத்தை முடித்துவிடுவார். நகல் எடுக்க வந்தவர்கள் காலில் ஏழெட்டு ஊசியோடு ஒருவர் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நிற்பார்கள்.

வயது ஐம்பத்து நாலு. குள்ளமான உருவம், அவசரமே இல்லாத நடை. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். யாரையும் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கின் அடியில் காட்டிச் சூடாக்கிக்கொள்வது வழக்கம். சில்லென்ற கை பட்டால் தசை இறுகிக்கொள்ளும், பிறகு ஊசி நுழைய அடம்பிடிக்கும் என்பார். டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "டாக்டர் தெருமுனையில இருக்கார். நான் ஊசி," என்று வெட்டிவிடுவார். அதனால்தான் ஊசியம்மா.

முதலில் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். தூக்கம், பசி, வியர்வை, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள் என்று கேள்விகள் போகும். கேட்டுக்கொண்டே இருக்கையில் அக்குபங்சர் ஊசி உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, ஆள்காட்டி விரலால் மேலே ஒரு தட்டு. உள்ளே போயிருக்கும். மயிரிழை கனம்தான். "எப்ப போடுவீங்க?" என்று பயந்துபோய்க் கேட்கிறவர்களிடம் "மூணு போட்டாச்சு" என்று சொல்வதில் அவருக்கு இன்னும் அலுக்காத சந்தோஷம். பிறகு ஊசியின் தலையை லேசாகத் திருகி, "இழுக்குதா?" என்பார். வலி கூடாது, எரிச்சல் கூடாது. உள்ளே ஏதோ கனமாகப் பிடித்து இழுப்பது போல இருக்க வேண்டும். "இழுக்குதும்மா" என்று பதில் வந்தால்தான் அடுத்த இடத்துக்குப் போவார். இருபது நிமிஷத்துக்குச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டு, பேசாமல் கிடக்கச் சொல்வார். பெரும்பாலானவர்கள் குறட்டை விட்டுவிடுவார்கள்.

தலைவலி என்று வந்தால் கால் விரல் இடுக்கில் குத்துகிறாரே என்று புதிதாக வருகிறவர்கள் விழிப்பதுண்டு. "விளக்கு மேல எரியுது, சுவிட்ச் சுவத்துலதானே இருக்கு?" என்பார். ஆனால் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது வாயைக் கிளறினால் அளந்து விடமாட்டார். "நான் படிச்ச புத்தகத்துல ஒண்ணு சொல்றாங்க, ஆஸ்பத்திரியில வேற சொல்றாங்க. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. ஆறு தடவை பாப்போம். கேக்கலன்னா என்னைத் திட்டிட்டு வேற வழி பாருங்க." இப்படிச் சொல்கிறவரிடம் கூட்டம் எப்படிச் சேருகிறது என்று தெரியவில்லை, ஆனால் சேருகிறது.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிறு பலகை தொங்கும். போட்ட ஊசி எத்தனை என்று அதில் சாக்பீஸால் எழுதி, எடுக்கும்போது எண்ணிச் சரிபார்த்துத்தான் மஞ்சள் டப்பாவில் போடுவார். ஆரம்ப காலத்தில் இந்தப் பலகை இல்லை. ஒரு கல்லூரி ஆசிரியர் காது மடலில் ஒரு ஊசியோடு எழுந்து போய் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டார். மாணவர்கள் புது நாகரிகம் போலிருக்கிறது என்று மரியாதையாகச் சும்மா இருந்துவிட்டார்கள். சாயங்காலம் மனைவிதான் கண்டுபிடித்து, அவர் காதைப் பிடித்தபடியே படியேறி அழைத்து வந்தார்.

பலகையை விடப் பெரிய கெடுபிடி ஒன்று உண்டு. வருகிறவர்கள் தாங்கள் விழுங்கும் மாத்திரைகளின் சீட்டை நகல் எடுத்துக்கொண்டுதான் மேலே வர வேண்டும். தன் கடையை நடத்துவதே ஊசியம்மாதான் என்று கீழேயுள்ள ஜெராக்ஸ்காரர் பெருமையாகச் சொல்லித் திரிகிறார். ஊசி போட்டபின் உடம்பு லேசாக இருக்கிறது, அதனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஒரு பெண்மணி பூரித்துப்போய் வந்து நின்றார். ஊசியம்மா பாராட்டவில்லை. வீட்டுக்குப் போய் மாத்திரையை எடுத்து வரச் செய்து, தன் கண் முன்னால் விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் படுக்கவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஒற்றைத் தலைவலி உயிரை வாங்கியது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிழவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். எட்டாம் வாரம் வலி பாதியாகக் குறைந்தது. குணமானதை விட, அது எப்படிக் குறைந்தது என்ற கேள்விதான் அவரை ஆட்டிப்படைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று வருஷம் படித்தார். தன் காலிலேயே குத்திப் பழகியதில் முழங்காலுக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

அப்போதுதான் அக்காவோடு தகராறு ஆரம்பித்தது. ஊசியம்மாவுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டார். பதினைந்து வயது அக்காதான் தலை பின்னி, நோட்டுக்கு அட்டை போட்டு, மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுத் தங்கையை ஆளாக்கினார். பிறகு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்கு இந்த ஊசியெல்லாம் கண்கட்டு வித்தை. உறவுக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும். "என் தங்கச்சி ஊரையே சல்லடை ஆக்கிட்டு இருக்கா," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஊசியம்மாவும் சிரிப்பார்.

சிரித்தாரே தவிர, உள்ளே அது தைத்துக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் கும்பிடு போட்டாலும் அக்கா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் படி ஏறி வந்து பார்த்துவிட்டால் போதும் என்று பத்தொன்பது வருஷமாக ஏங்கியவர் அவர். அக்கா வரவே இல்லை. கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்திருக்கிறார், கையில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரத்தை ஜெராக்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறார்.

இதற்கிடையில் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவரின் விஷயம் நடந்தது. ஐந்து வருஷம் ஆகிறது. நாற்பத்தெட்டு வயது, கலகலப்பான மனிதர். இடது தோள்பட்டைக்குப் பின்னால் வலி. நாளெல்லாம் கியர் மாற்றுகிற கை, தசைப் பிடிப்பாகத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், ஊசியம்மாவும் நினைத்தார். ஒன்பது ஊசி. முதல் வாரமே வலி பாதியாகிவிட்டது. இரண்டாம் வாரம் பூக்கடைக்குப் போய் ஒரு கொத்து வாங்கி வந்து மேஜையில் வைத்தார். மூன்றாம் வாரம் வலியே இல்லை என்று கையைச் சுழற்றிக் காட்டினார். நான்காம் வாரம் அவர் வரவில்லை, மனைவிதான் வந்தார். சண்டை போடவில்லை, அழக்கூட இல்லை. மாரடைப்பு என்றும், இரண்டு மாதமாகவே உள்ளே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். "வலி குறைஞ்சிருச்சேன்னு நம்பி இருந்துட்டோம்மா," என்றார்.

ஊசியம்மா பதினொரு நாள் கதவைத் திறக்கவில்லை. தெருமுனை டாக்டர் தாமே படியேறி வந்து, எந்த வைத்தியரிடம் போயிருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். அந்த ஆறுதலை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. குத்தத் தெரியாதவர் கையால் அந்த மனிதர் சாகவில்லை, நன்றாகக் குத்தத் தெரிந்தவர் கையால் போனார் என்பதுதான் அவரை அறுத்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றின் வாயைத் தான் பொத்திவிட்டதாகவே இன்றுவரை நினைக்கிறார்.

பன்னிரண்டாம் நாள் சுவரில் ஒரு அட்டை ஏறியது. அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. தாடை முதல் தொப்புள் வரை, முன்னாலோ பின்னாலோ, தோளிலோ கையிலோ புதிதாக வலி என்றால் முதலில் ஈசிஜி, பிறகுதான் ஊசி. யாருக்கும் விலக்குக் கிடையாது. கழுத்துப் பிடிப்பென்று வந்த வாலிபர்களைக் கூடத் திருப்பி அனுப்புகிறார். எரிச்சலோடு போய் எடுத்து வருகிறவர்கள் பலர். திரும்பி வராமலே போகிறவர்களும் உண்டு. போகட்டும் என்கிறார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரொட்டிக் கடைக்காரர் முழங்கை வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கீழே காலடி கேட்டது. நாலு படி ஏறி நின்றது. மறுபடி நாலு. மறுபடி நின்றது. முட்டிக்காரர்களின் நிற்றல் ஊசியம்மாவுக்குத் தெரியும், அவர்கள் நின்றால் கம்பியைப் பிடிப்பார்கள், முனகுவார்கள். இது சத்தமே இல்லாத நிற்றல். மூச்சுக்காக நிற்பது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கையில், வாசலில் அக்கா வந்து நின்றார்.

பத்தொன்பது வருஷம் காத்திருந்த காட்சி. அக்கா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், ரொட்டிக் கடைக்காரரின் முழங்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். தானாகவே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். முதுகில் நடுவே மூன்று நாளாக வலியாம். மெத்தையைப் புரட்டிப் போட்டதில் பிடித்துக்கொண்டதாம். வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை, வலி மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. நடந்தால் தாடை வரைக்கும் ஏறுகிறது.

"போடு. உன் ஊசியையும்தான் பாத்துடறேன்," என்றார் அக்கா.

ஊசியம்மா நாடியைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. எந்த ஐந்து இடத்தில் போட்டால் இந்த வலி இறங்கும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். போட்டால் இருபது நிமிஷத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, பரவாயில்லையேடி என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்று அவருக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அக்காவின் கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்தார்.

"போட மாட்டேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்கெல்லாம் குத்துகிற கைக்குக் கூடப்பிறந்தவளென்றால் மட்டும் கூசுகிறதா என்று கேட்டார். இத்தனை வருஷம் கேலி செய்ததற்குப் பழி தீர்க்கிறாயா என்றார். சுவரில் இருந்த அட்டையைக் காட்டியதற்கு, அதெல்லாம் வெளி ஆளுக்கு எழுதினது என்று கையை உதறினார். ரொட்டிக் கடைக்காரர் பாவம், எட்டு ஊசியோடு அசையவும் முடியாமல், கேட்காதது மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நான் போட்டா வலி போயிடும்க்கா," என்றார் ஊசியம்மா. "அதான் பயமா இருக்கு."

முப்பத்திரண்டு வருஷம் மருந்தகத்தில் நின்றவருக்கு இந்த வலி என்னவாக இருக்கலாம் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்ததால்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், நம்பிக்கையே இல்லாத படியில் ஏறி வந்திருக்கிறார். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அங்க போனா எதையாவது கண்டுபிடிச்சுருவாங்கடி," என்றார்.

அக்கா பயந்து ஊசியம்மா பார்த்ததே இல்லை. அம்மா போன அன்றுகூட அக்கா பயப்படவில்லை. குனிந்து, அக்காவின் செருப்பை எடுத்து அவர் காலடியில் நேராக வைத்தார்.

"என் ஊசி ஒண்ணுக்கும் உதவாதுன்னு இருபது வருஷமா சொன்னே இல்ல? இன்னிக்கு ஒரு நாள் அதையே நம்புக்கா."

அக்கா தங்கையை ஒரு முறை முறைத்தார். பிறகு செருப்பில் காலை நுழைத்தார்.

அவசரத்திலும் ஊசியம்மா ரொட்டிக் கடைக்காரரின் எட்டு ஊசியையும் எண்ணித்தான் எடுத்தார். சட்டையைப் பாதி மாட்டியபடியே அவர் ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வர, ஜெராக்ஸ்காரரும் ஊசியம்மாவும் நாற்காலியோடு அக்காவைத் தூக்கி இறக்கினார்கள். தூக்கத் தெரியாமல் தூக்குகிறீர்கள் என்று பதினேழு படிக்கும் அக்கா திட்டிக்கொண்டே வந்தார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். அதை மறைத்து வைத்துப் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. இதயத்து ரத்தக் குழாய் ஒன்று முக்காலே மூணுவீசம் அடைத்திருந்தது, இன்னொரு நாள் தள்ளியிருந்தால் பேச்சே வேறு என்று சொல்லிக்கொண்டே, அன்று மதியமே உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருளை வைத்துத் திறந்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். எந்த மாத்திரை எந்த வேளை என்று தனக்கு மருந்து எழுதிய டாக்டருக்கே பாடம் எடுப்பதாகக் கேள்வி. டாக்டர் சம்மதம் கொடுத்தபின், ஆறு மாதம் கழித்து, தூக்கம் வராததற்கு மட்டும் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. யோசிக்கத்தான் செய்கிறார்.

ஆனால் அன்று அவசரப் பிரிவில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஈசிஜி காகிதத்தை இழுத்துப் பார்த்த இளம் டாக்டர், பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்து போனார். பச்சைத் திரையை யாரோ இழுத்து மூடினார்கள். அக்காவின் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார்கள். மருந்து ஏற்றுவதற்கு ஊசியோடு வந்த நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு கிடைக்கவில்லை. ஒரு தடவை குத்தி, தவறி, வெளியே எடுத்தாள்.

கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டாள். அக்காதான் பதில் சொன்னார்.

"என் தங்கச்சி. இவகிட்டதான் முதல்ல காட்டினேன்."

நர்ஸ் தலையாட்டிவிட்டு, பாட்டியின் கையை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஊசியம்மா கட்டிலின் மேல் குனிந்து, அக்காவின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நர்ஸ் புது ஊசியைப் பிரித்தாள். அவர் கண் அந்த ஊசியை விட்டு நகரவில்லை. அது புறங்கையை நெருங்க நெருங்க அவர் உதடு கோணிக்கொண்டு போனது, பிடித்திருந்த கைகள் வெடவெடவென்று நடுங்கின, அக்காவின் கையும் சேர்ந்து ஆடியது.

அக்கா தலையைத் திருப்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, மார்பின் மேல் ஒயர்கள் இழுபட, சும்மா கிடந்த மற்றொரு கையைத் தூக்கி ஊசியம்மாவின் கண்களைப் பொத்தினார்.